லீட் கிட்டாரிஸ்ட் கிளம்பிவிட்டார், பேண்ட் என்ன செய்வது?

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் வரை நீளும் இந்த எல்லைப் பகுதியில் பேண்டுகள் உருவாகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். சர்ச் கொயரில் கிட்டாரும் கீபோர்டும் பழகியவர்கள் கல்லூரிக் கல்ச்சுரல்ஸில் ஒன்று சேர்கிறார்கள். பிறகு ஓணம் புரோகிராம், கிறிஸ்துமஸ், கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று மேடை ஏறுகிறார்கள். ஆள் குறையும் விதமும் ஒன்றுதான். சண்டை போட்டுப் பிரிவது குறைவு. லீட் வாசிப்பவருக்குக் கொச்சியிலோ பெங்களூரிலோ கல்ஃபிலோ வேலை கிடைத்துவிடும். ஒத்துக்கொண்ட புரோகிராம்கள் கையில் இருக்கும், வாசிக்க அவர் இருக்கமாட்டார்.

உடனே எழும் கேள்வி, "சோலோவ யாரு வாசிப்பா?" இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பேண்ட் வழி தவறும் என்று உறுதியாகச் சொல்வேன். நாலரை நிமிடப் பாட்டில் சோலோ அரை நிமிடம், மிஞ்சினால் முக்கால் நிமிடம். மீதி நேரம் முழுக்க அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பல பேண்டுகளில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஓட்டை விழுவது அங்கேதான்.

ஆகவே புது ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நோட்டும் கடைசியாக எடுத்த லைவ் ரெக்கார்டிங்கும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஹெட்ஃபோனில் கேட்டு, பாட்டுவாரியாக எழுதுங்கள்: இன்ட்ரோவில் என்ன வாசித்தார், சரணத்தில் பாடகர் மூச்சு விடும் இடங்களில் என்ன போட்டார், பல்லவி திரும்பி வரும்போது மேலே எந்தத் தந்திகளில் கார்டு பிடித்தார், கையசைத்தோ தலையசைத்தோ யாருக்கு எந்த இடத்தில் சைகை கொடுத்தார். சினிமாப் பாட்டும் வாசிக்கும் பேண்ட் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். ஒரிஜினலில் வயலினோ புல்லாங்குழலோ வரும் இன்டர்லூடுகளைப் பல பேண்டுகளில் லீட் கிட்டார்தான் சுமந்துகொண்டிருக்கும். அது போனால் பாட்டின் அடையாளமே போய்விடும். அந்த வரிகளை அன்றைக்கே கீபோர்டுக்கு மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: யாராவது எடுத்துக்கொள்ள வேண்டியது, விட்டுவிடலாம் என்பது, பாட்டையே லிஸ்டிலிருந்து எடுத்துவிட வேண்டியது. விட்டுவிடலாம் என்று எழுத வேண்டிய இடங்கள் நினைத்ததைவிட அதிகமாக வரும்.

இந்த நோட்டு இல்லாமல் ஆடிஷன் வைக்கும் பேண்ட், வருபவர்களில் விரல் வேகமாக ஓடுபவரைத் தேர்ந்தெடுக்கிறது. ஆறு மாதம் கழித்துச் சரணத்தில் பாடகரின் குரல் கேட்கவில்லை என்று புலம்புகிறது.

இனி, மிஞ்சியிருக்கும் ஒற்றைக் கிட்டார். இரண்டு கிட்டார் இருந்தபோது ரிதம் வாசித்தவர் பெரும்பாலும் பவர் கார்டு பிடித்திருப்பார்: மூல ஸ்வரமும் பஞ்சமமும் மட்டும். அது மேஜரா மைனரா என்று சொல்லும் காந்தாரம் அதில் இல்லை. அதை மேலே லீட் கிட்டார் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் போனதும் பாட்டு சப்பென்று ஆவதற்கு முக்கியக் காரணம் இதுதான். "சவுண்டு பத்தல" என்று எல்லாரும் வால்யூமையும் டிஸ்டார்ஷனையும் ஏற்றுவார்கள். பலன் தலைகீழாக வரும். அதிக டிஸ்டார்ஷனில் முழுக் கார்டு பிடித்தால், ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதிதாகச் சில அலைகளை உண்டாக்கும். அவை எந்த ஸ்வரத்திலும் சேராது, கலங்கலாகக் கேட்கும். காந்தாரம் சேர்த்தால் இந்தக் கலங்கல் இன்னும் கூடும்; பவர் கார்டு ராக்கில் நிலைத்ததற்கே இது ஒரு காரணம். எனவே டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் குமிழைக் குறையுங்கள். ஆம்பில் 7-இல் இருந்தது 4-க்கு வரட்டும். சரணத்தில் கிட்டாரின் வால்யூம் குமிழை 6-க்கு இறக்கி, பல்லவியில் 10-க்கு ஏற்றட்டும். இப்போது காந்தாரம் தெளிவாக விழும். இன்னொரு லாபமும் உண்டு: திருவிழா மேடைகளில் ஜெனரேட்டரும் சீரியல் செட்டும் சேர்ந்து கொடுக்கும் இரைச்சல், பாட்டு நிற்கும் இடங்களில் அவ்வளவாக எழாது.

கார்டைப் பிடிக்கும் இடமும் மாற வேண்டும். ஈ மைனர், சி, ஜி, டி என்று சுற்றும் ஒரு பல்லவியை எடுத்துக்கொள்வோம். அடித் தந்திகளை முழுக்க பேஸ் கிட்டாருக்கு விட்டுவிட்டு, டி, ஜி, பி என்ற நடு மூன்று தந்திகளில் மட்டும் வாசிக்க வேண்டும். ஈ மைனருக்கு அந்த மூன்று தந்திகளிலும் வரிசையாக 5, 4, 5-ஆம் ஃபிரெட்டுகள் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டங்கள்). சி மேஜருக்கு 5, 5, 5. ஜி மேஜருக்கு 5, 4, 3. டி மேஜருக்கு 4, 2, 3. கை கழுத்தில் ஓரிடத்திலேயே நிற்கிறது. விரல் மட்டும் நகர்கிறது. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு ஸ்வரங்கள் அரை அடி, ஒரு அடி எடுத்து வைப்பதால் அதுவே ஒரு மெலடி போலக் கேட்கும். முன்பு இரண்டு பேர் செய்த வேலையின் மேல் பாதி இதில் வந்துவிடும்.

கீழ்ப் பாதி பேஸுடையது. கிட்டாரின் அடித் தந்தி 82 ஹெர்ட்ஸ், பேஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். கிட்டார் மேலே ஏறிவிட்டால் இடையில் 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஒரு பள்ளம் விழும், அதை நிரப்ப பேஸுக்குக் கொஞ்சம் ஓவர்டிரைவ், அதாவது மிதமான டிஸ்டார்ஷன், தேவை. நேரடியாக ஓவர்டிரைவ் பெடலைப் போட்டால் அடி ஒலி போய்விடும். பேஸ் வயிற்றில் இறங்காமல் காதில் கரகரக்கும். சிக்னலை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதை சுத்தமாக, மாற்றமில்லாமல். இன்னொரு பாதையில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அதற்கு மேல் மட்டும் ஓவர்டிரைவ். இரண்டு பாதையையும் கலக்கும் பிளெண்ட் குமிழ் உள்ள பெடல் இருந்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாக டிரைவை வைத்தால் போதும். இரண்டு பாதைகளையும் தனித்தனி கருவிகளிலிருந்து மிக்ஸருக்குக் கொடுத்தால் ஒரு சிக்கல் வரும். பல எஃபெக்டுகளை ஒரே பெட்டியில் தரும் டிஜிட்டல் மல்டி எஃபெக்ட்ஸ் சில மில்லிசெகண்ட் தாமதமாக வெளியே விடும். அந்தச் சின்னத் தாமதத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சில ஸ்வரங்கள் மட்டும் காணாமல் போகும். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வெளியே வரட்டும். அப்படியும் அடி ஒலி மெலிந்தால் மிக்ஸரில் ஒரு சேனலின் போலாரிட்டி பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) அழுத்திப் பாருங்கள்.

கிட்டார் சோலோவுக்குப் போகும்போது பேஸ் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். மூல ஸ்வரத்தோடு ஒரு ஸ்தாயி தள்ளிய காந்தாரத்தையும் சேர்த்து அடித்தால் இரண்டே ஸ்வரத்தில் முழுக் கார்டு நிற்கும். ஜி மேஜர் என்றால் ஈ தந்தியில் 3-ஆம் ஃபிரெட், ஜி தந்தியில் 4-ஆம் ஃபிரெட். மைனர் என்றால் ஜி தந்தியில் 3. எல்லா அடியிலும் இதைப் போட வேண்டாம். ஒவ்வொரு பாரின், அதாவது தாளச் சுற்றின், முதல் அடியில் போதும். பேஸ் வாசிப்பவர் இதுவரை மூல ஸ்வரத்தை மட்டும் எட்டெட்டாக அடித்துப் பழகியவர் என்றால், பேண்டிலேயே அதிகம் உழைக்க வேண்டியவர் இவர்தான். புதுக் கிட்டாரிஸ்டைத் தேடும் நேரத்தில் பாதியை பேஸும் டிரம்ஸும் தனியாக உட்கார்ந்து பழகக் கொடுங்கள்.

டிரம்மருக்குச் சொல்ல வேண்டியது குறைவு. சோலோவில் ஹை-ஹாட்டை விட்டு ரைடுக்குப் போனால் அந்தச் சிம்பலின் நீண்ட ஒலி மேல் பகுதியை நிரப்பும். சோலோவுக்கு நீளம் முடிவு செய்யுங்கள்: 16 பார் என்றால் 16 பார். முன்பு லீட் தலையசைத்தால் முடிந்தது. இனி 15-ஆம் பாரில் டிரம்மர் போடும் ரோல்தான் எல்லாருக்கும் சைகை.

கீபோர்டைப் பற்றி எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. இங்கே கீபோர்டு வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை, கை சுத்தமாகவும் இருக்கும். ஆனால் கொயரிலும் கானமேளாவிலும் (கேரளத்து மேடைப் பாட்டுக் கச்சேரி) பழகிய கை, இரண்டு கையாலும் எல்லா இடத்தையும் நிரப்பியே தீரும். கொயரில் அது தேவை. பாடுபவர்களை அதுதான் தாங்கும். ராக் பேண்டில் இடது கை பேஸோடு மோதும், விடாமல் ஓடும் ஸ்ட்ரிங்ஸ் பேட் கிட்டாரை மூடிவிடும். இடது கையை எடுத்து மடியில் வைக்கச் சொல்லுங்கள், மரியாதையாகத்தான். ஸ்ட்ரிங்ஸுக்குப் பதிலாக லேசாக டிரைவ் ஏற்றிய ஆர்கன் வைத்தால் போன கிட்டாரின் இடத்தில் இயல்பாக உட்காரும். இரண்டு கிட்டார் சேர்ந்து வாசித்த ஹார்மனி வரிகளில் கீழ் வரியைக் கீபோர்டு எடுத்துக்கொள்ளலாம். ஹார்மனைசர் பெடலில் அதைச் செய்ய முயன்றால் ஸ்கேலை முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும். ஸ்கேலுக்கு வெளியே ஒரு கார்டு வந்தால் அந்த இடத்தில் அபஸ்வரம் கேட்கும்.

பகிர்ந்துகொள்வது சாத்தியம் என்பதற்குப் பெரிய உதாரணம் இங்கிலாந்தின் ராக் பேண்டான ஜெனசிஸ். 1977-இல் ஸ்டீவ் ஹாக்கெட் விலகியதும், பேஸ் வாசித்த மைக் ரதர்ஃபோர்ட் ஸ்டுடியோவில் லீட் கிட்டாரையும் தானே எடுத்துக்கொண்டார். மேடைக்கு மட்டும் டேரில் ஸ்டூர்மரை அழைத்துக்கொண்டார்கள். ரெக்கார்டிங்குக்கு ஒரு ஏற்பாடு, மேடைக்கு வேறு ஏற்பாடு என்று பிரித்த அந்த முடிவு சின்ன பேண்டுகளுக்கும் பொருந்தும். மேடைக்குச் சம்பளத்துக்கு ஆள் கிடைப்பார். பாட்டை உருவாக்கும் அறையில் யார் இருக்க வேண்டும் என்பதை அவசரமில்லாமல் முடிவு செய்யலாம்.

போனவருக்குத் தனிப் பாணி இருந்தால் கதை வேறு. கொச்சியின் மதர்ஜேன் பேண்டில் பைஜு தர்மஜன் கர்நாடக சங்கீத கமகங்களைக் கிட்டாரில் கொண்டுவந்தவர். 2010-இல் அவர் விலகினார். அப்படிப்பட்ட வாசிப்பை கிட்டார் டேப் (எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்று எழுதிய குறிப்பு) பார்த்து நகலெடுக்க முடியாது. டேப் எழுத்து எந்த ஃபிரெட் என்று சொல்லும். ஒரு ஸ்வரத்துக்குக் கீழிருந்து வருகிறாரா மேலிருந்து வருகிறாரா, அசைவு எத்தனை, எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லாது. நகலெடுப்பவர் அதே ஸ்வரங்களை வாசிப்பார், பாட்டு வேறாகக் கேட்கும். அந்த மாதிரி சோலோக்களில் முதல் இரண்டு பாரையும் கடைசி இரண்டு பாரையும் மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, நடுவைப் புதியவர் தன் கையால் கட்டட்டும். கேட்பவர்கள் நினைவில் வைத்திருப்பது தொடக்கத்தையும் முடிவையும்தான். அல்லது வயலினிடம் கொடுங்கள். கர்நாடக வயலின் படித்தவர்கள் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள், கமகம் அவர்களுக்குக் கையோடு வந்தது. பிக்அப் பொருத்திய வயலினுக்கு ஒரு பிரிஆம்பும் லேசான டிலேயும் போதும். டிஸ்டார்ஷன் போட்டால் வில் உராயும் சத்தம் பெரிதாகிவிடும்.

மேடையில் நடக்கும் சில கோளாறுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒற்றைக் கிட்டாரை இரட்டையாகக் காட்ட 20, 30 மில்லிசெகண்ட் டிலே போட்டு இடது வலதாகப் பிரிக்கும் ஒரு தந்திரம் உண்டு. ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கும். நம் திருவிழா மேடைகளில் பெரும்பாலும் மைக்செட் மோனோ, இடது வலது பிரிவு கிடையாது. இரண்டு சிக்னலும் ஒரே இடத்தில் கலந்து, குழாய்க்குள்ளிருந்து வருவது போல மெலிந்து கேட்கும். இதைத் தவிர்த்துவிடுங்கள். சோலோவுக்கு டிலே வேண்டுமென்றால் தாளத்தோடு ஒட்டியதாக வையுங்கள். 60,000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுத்தால் ஒரு அடிக்கான மில்லிசெகண்ட் வரும். டெம்போ 120 என்றால் 500, அதன் முக்கால் 375. இரண்டு முறை திரும்பக் கேட்டால் போதும், அதற்கு மேல் அடுத்த கார்டோடு மோதும்.

சோலோவில் சத்தம் எழவில்லை என்றால் பூஸ்ட் பெடல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓவர்டிரைவுக்கு முன்னால் இருந்தால் அது டிஸ்டார்ஷனைக் கூட்டுமே தவிர சத்தத்தைக் கூட்டாது. ஓவர்டிரைவுக்குப் பின்னால், அல்லது ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் வையுங்கள். 4 முதல் 6 டெசிபெல் ஏற்றினால் போதும். மைக்செட் அண்ணனோ, எல்லைக்கு அந்தப் பக்கம் சவுண்டு சேட்டனோ, உங்கள் சோலோ எப்போது வரும் என்று தெரிந்து ஃபேடரை ஏற்றுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது வேறு: "அண்ணா, இப்ப ஒரு கிட்டார்தான். அத நடுவுல வச்சிருங்க. பேஸுக்கு ரெண்டு சேனல் வேணும்." சவுண்டு செக்குக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும் மேடைகளில் இந்த மூன்று வாக்கியமே பாதி வேலையை முடித்துவிடும்.

தந்தி அறுந்தால்? முன்பு ஒருவருக்கு அறுந்தால் மற்றவர் பாட்டைக் கொண்டுபோய்விடுவார். இனி பாட்டு நின்றுவிடும். ஃபுளோட்டிங் டிரெமோலோ உள்ள கிட்டாரில் ஒரு தந்தி அறுந்தால் ஸ்பிரிங்கின் இழுப்பு மாறி மீதி ஐந்தும் சுருதி விலகும். அந்தப் பாட்டை முடிக்கக்கூட முடியாது. ஒற்றைக் கிட்டார் பேண்டுக்கு நிலையான பிரிட்ஜ் உள்ள கிட்டார்தான் நல்லது. சுருதி சேர்த்த இன்னொரு கிட்டார் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். விலை குறைந்ததானாலும் பரவாயில்லை. ரிதமும் அவரே அடிப்பதால் கை வேகம் கூடும், மெல்லிய 9–42 தந்தி போட்டிருந்தால் சற்றுத் தடித்த 10–46-க்கு மாறலாம். மாறும்போது கழுத்தின் வளைவும் இன்டொனேஷனும் (கழுத்து நெடுக ஸ்வரம் சுருதியில் நிற்பது) மாறும், இரண்டையும் சரிபார்க்காமல் மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் வாசித்தால் உப்புக் காற்றில் தந்தி சீக்கிரமே கறுக்கும். வாசித்து முடித்ததும் தந்தியின் அடிப்பக்கம் வரை துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

சுருதி சேர்க்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். முன்பு ஒருவர் சேர்க்கும்போது மற்றவர் ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பார். இனி அந்த இடம் அமைதியாகிவிடும். அடித் தந்தியை ஈ-இலிருந்து டி-க்கு இறக்கி வாசிக்கும் டிராப் டி பாட்டுகளை லிஸ்டில் அடுத்தடுத்து வைத்துவிட்டால் ஒரு முறை மாற்றினால் போதும்.

போனவரின் பகுதியை டிராக்காக ஓடவிடுவது பற்றி. கொள்கையளவில் எனக்குப் பிடிக்காது. ஒத்துக்கொண்ட புரோகிராமைக் காப்பாற்ற வேண்டும் என்றால் செய்யலாம். இடது சேனலில் தாளம் காட்டும் கிளிக், வலது சேனலில் டிராக். லேப்டாப்பின் 3.5 எம்எம் துளையிலிருந்து பிரிக்கும் கேபிள் வழியாகக் கிளிக்கை டிரம்மரின் இயர்ஃபோனுக்கும், டிராக்கை டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்கும் அனுப்புங்கள். சார்ஜர் மாட்டியிருந்தால் இரைச்சல் வரும், பேட்டரியில் ஓட்டுங்கள். ஃபோனில் ஓட்டினால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கேபிள் மாறிப் போனால் கிளிக் சத்தம் ஊருக்கே கேட்கும், எனவே இரண்டு முனையிலும் வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டுங்கள். இதிலுள்ள பெரிய ஆபத்து, பாடகர் ஒரு சரணத்தைத் தவறவிட்டால் டிராக் காத்திருக்காது என்பதே.

எந்த மாதத்தில் ஆள் போகிறார் என்பதும் முக்கியம். ஜூலையில் போனால் ஓணத்துக்கு முன்னால் பேண்டையே மாற்றி அமைக்க நேரமிருக்காது. அந்தச் சீசனைச் சம்பள ஆளோடு ஓட்டிவிட்டு, பிறகு நோட்டை எடுங்கள். நவம்பர் 24-இல் தொடங்கி டிசம்பர் 3 வரை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் திருவிழா, அதைத் தொடர்ந்து கிறிஸ்துமஸ் கேரல் சீசன். டிசம்பரில் இந்தப் பக்கத்துக் கிட்டாரிஸ்டுகள் எல்லாரும் ஏதாவது ஒரு கொயருக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள். சம்பளத்துக்கு ஆள் வேண்டுமென்றால் அக்டோபரிலேயே பேசிவிட வேண்டும்.

பிரிவு சுமுகமாக இருக்கும்போதே காகித வேலையையும் முடித்துவிடுங்கள். பேண்ட் காசில் வாங்கிய மிக்ஸர், வயர்லெஸ், கேபிள் எது யாரிடம் இருக்கிறது. மல்டி எஃபெக்ட்ஸ் பேட்ச்சுகளின் பேக்அப். யூடியூப் சேனலும் மின்னஞ்சலும் யார் ஃபோன் எண்ணில் இருக்கின்றன. சொந்தப் பாட்டு இருந்தால் இன்னும் கவனம் தேவை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி இசையின் ஆசிரியர் அதை அமைத்தவர். அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். ஒரு ரிஃப் அவருடையது, மெலடி பாடகருடையது என்றால் யாருக்கு எத்தனை சதவீதம், பேண்ட் தொடர்ந்து வாசிக்கலாமா, அவர் வேறு பேண்டில் வாசிக்கலாமா என்று பாட்டுவாரியாக ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் பஸ் ஏறிய பிறகு இதைப் பேசுவது கஷ்டம்.

இத்தனையும் முடிந்து, ஒற்றைக் கிட்டாரோடு இரண்டு மூன்று மேடையாவது ஏறிய பிறகு ஆடிஷன் வையுங்கள். அதற்குள், ஆளே வேண்டாம் என்றுகூடத் தோன்றலாம். மூன்று பேர், நான்கு பேர் பேண்டாகவே நிலைத்துவிடுவதும் நல்ல முடிவுதான். வேண்டுமென்றால், வருபவருக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு பாட்டு கொடுங்கள். ஒன்றில் சோலோ இருக்கட்டும், இன்னொன்றில் சோலோவே இருக்கக்கூடாது. அறையில் மூன்றாவதாக, அவர் கேட்டிராத உங்கள் சொந்தப் பாட்டு ஒன்றைக் கார்டு மட்டும் சொல்லி வாசிக்கச் சொல்லுங்கள். பாடகர் பாடத் தொடங்கியதும் அவர் கை தானாகக் குமிழுக்குப் போய்ச் சத்தத்தைக் குறைக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் வாசிக்காமல் எட்டு பார் நிற்கத் தெரிகிறதா என்று பாருங்கள். சுருதி சேர்க்கும்போது மியூட் செய்கிறாரா, டிரம்மரைப் பார்த்து வாசிக்கிறாரா தன் விரலைப் பார்த்தா என்பதும் நிறையச் சொல்லும்.

தேர்ந்தெடுத்த பிறகு பழைய ரெக்கார்டிங்குகளை அவரிடம் கொடுத்து "இப்படியே வேணும்" என்று சொல்லாதீர்கள். நோட்டைக் கொடுங்கள். யாராவது எடுத்துக்கொள்ள வேண்டியது என்று குறித்த வரிகள் மட்டும் அவருடைய வேலை. பேஸும் கீபோர்டும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதைத் திரும்பப் பிடுங்கக் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த ஆள் கிளம்பும்போது மீண்டும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டிவரும். பழையவர் லீவுக்கு ஊருக்கு வந்தால் இரண்டு பாட்டுக்கு மேடையேற்றுங்கள். இங்கிலாந்தின் மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டனில் 1990-இல் போன ஏட்ரியன் ஸ்மித் 1999-இல் திரும்பி வந்தபோது, இடையில் வந்திருந்த யானிக் கெர்ஸை அனுப்பவில்லை. அன்றிலிருந்து மூன்று கிட்டாராகவே வாசிக்கிறார்கள். உங்கள் மேடையிலும் அன்றைக்குப் புதியவருடைய ஆம்ப் செட்டிங்கைத் தொடாமல், பழையவருக்கு மிக்ஸரில் தனி சேனல் கேட்டு வாங்குங்கள்.